மாதிரிக்குக் கீழே ஒரு பித்தளைத் தகடு

2025 ஜூனில் கேரளத்தின் விழிஞ்ஞம் துறைமுகத்தில் வந்து நின்ற எம்.எஸ்.சி. ஐரினாவின் நீளம் 399.9 மீட்டர், அகலம் 61.3 மீட்டர். இருபதடிப் பெட்டிக் கணக்கில் 24,346 பெட்டிகளைச் சுமக்கும் கப்பல். இதை 1:700 என்ற அளவில் மாதிரியாகச் செய்தால் நீளம் 57 சென்டிமீட்டர்தான் வரும்; வீட்டு அலமாரியின் ஒரு தட்டில் வைத்துவிடலாம். பெரிய வணிகக் கப்பல் ஒவ்வொன்றுக்கும் ஐ.எம்.ஓ. எண் என்று ஏழு இலக்க அடையாளம் உண்டு. கப்பல் கைமாறினாலும் பெயர் மாறினாலும் அந்த எண் மாறாது. உடலின் வெளிப்புறத்தில் அதைக் குறைந்தது 200 மில்லிமீட்டர் உயர எழுத்தில் பொறிக்க வேண்டும் என்பது சர்வதேச விதி. 200 மில்லிமீட்டரை 700ஆல் வகுத்துப் பாருங்கள்: 0.29 மில்லிமீட்டர். நல்ல கண்பார்வை உள்ளவருக்கும் அது ஒரு தூசிக் கோடுதான்.

ஐரினாவோடு ஒரே அச்சில் கட்டப்பட்ட உடன்பிறப்புக் கப்பல்கள் பல உண்டு. எம்.எஸ்.சி. லொரேட்டோ அவற்றில் ஒன்று. மாதிரியை மட்டும் பார்த்து இது எந்தக் கப்பல் என்று யாராலும் சொல்ல முடியாது. மாதங்கள் உழைத்துப் பெட்டி பெட்டியாக ஒட்டி, வண்ணம் தீட்டி முடித்தவர், அடியில் ஒரு பெயர்த்தகடு வைக்காமல் விட்டால் உழைப்பில் பாதி பேசாமலே போய்விடுகிறது. மாதிரி செய்பவர்கள் பலர் கடைசி நாளில் ஒரு தாளை அச்சடித்து ஒட்டிவிடுவதைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கும். தகட்டை வீட்டிலேயே செய்யலாம். அதற்குத் தேவையான வேதியியலும் ஒளியியலும் பள்ளிப் பாடத்துக்கு மேல் போகாது. ஆனால் விழிஞ்ஞம் போன்ற கடலோர ஊரில் செய்வதற்குச் சில கூடுதல் கவனங்கள் வேண்டும்; உப்புக் காற்று எதையும் சும்மா விடாது.

முதலில், தகட்டில் என்ன எழுதுவது? பெயர், அளவு விகிதம், ஆண்டு. இம்மூன்றும் கட்டாயம். ஆண்டு ஏன் என்பதற்கு விழிஞ்ஞத்திலேயே நல்ல உதாரணம் இருக்கிறது. மீன்பிடித் துறைமுகத்தின் அலைத்தடுப்புச் சுவரை ஒட்டி, சென்னை ஐ.ஐ.டி. விஞ்ஞானிகளின் முயற்சியில் 1991இல் இந்தியாவின் முதல் அலை மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. நீர்மட்டத்துக்குக் கீழே திறப்புள்ள பெரிய கான்கிரீட் அறை. அலை உள்ளே ஏறும்போது அறையின் காற்று மேலே தள்ளப்படும், இறங்கும்போது திரும்ப உறிஞ்சப்படும். போகிற காற்றிலும் வருகிற காற்றிலும் ஒரே திசையில் சுற்றுகிற வெல்ஸ் சுழலி உச்சியில் பொருத்தப்பட்டது. பெல்பாஸ்ட் நகரின் குயின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆலன் வெல்ஸ் என்ற பேராசிரியர் 1970களில் உருவாக்கிய சுழலி அது. நிலையத்தின் திறன் 150 கிலோவாட். பின்னாளில் கடல்நீரைக் குடிநீராக்கும் சோதனைக்கும் அது பயன்பட்டது. இன்று இயக்கத்தில் இல்லை. எனவே அதன் மாதிரியின் கீழே ‘அலை மின் நிலையம், விழிஞ்ஞம்’ என்று மட்டும் எழுதினால், பார்க்கிற பிள்ளை இப்போதும் அங்கே மின்சாரம் எடுக்கிறார்கள் என்று நினைத்துக்கொள்ளும். ‘1991இல் இருந்தவாறு’ என்ற இரண்டு சொற்கள் அந்தத் தவறைத் தடுத்துவிடும்.

அளவு விகிதம் இன்னும் ஆழமான விஷயம். 1:100 என்று தகட்டில் இருந்தால் பார்ப்பவர் நீளத்தை நூறால் பெருக்கிக்கொள்வார். பரப்பைப் பத்தாயிரத்தாலும் கனஅளவைப் பத்து லட்சத்தாலும் பெருக்க வேண்டும் என்பது பலருக்கு உடனே தோன்றாது. அலைகளுக்கு வந்தால் கணக்கு இன்னும் சுவாரசியமாகிறது. தொட்டியில் அலை மாதிரிகளைச் சோதிக்கும் பொறியாளர்கள் புரூட் விதியைப் பின்பற்றுவார்கள். அதன்படி காலம் அளவு விகிதத்தின் வர்க்கமூலத்தில் குறைகிறது. கடலில் பத்து வினாடிக்கு ஒருமுறை வரும் அலை, 1:100 தொட்டியில் ஒரு வினாடிக்கு ஒருமுறை வர வேண்டும். திறன் விகிதத்தின் மூன்றரை அடுக்கில் சுருங்குகிறது. நூறின் மூன்றரை அடுக்கு ஒரு கோடி. ஆகவே 150 கிலோவாட் நிலையத்தின் 1:100 மாதிரி கொடுக்கக்கூடியது 0.015 வாட். ஒரு சிறிய எல்.இ.டி. விளக்கைக்கூட ஒழுங்காக எரிய வைக்காத அளவு. தகட்டிலுள்ள ‘1:100’ என்ற சிறு குறிக்குள் இவ்வளவும் அடங்கியிருக்கிறது. அதனால்தான் பெயரைவிட விகிதத்தை எழுத மறப்பது பெரிய குறை என்று நான் கருதுகிறேன்.

விகிதத்தைத் தேர்ந்தெடுக்கும்போதே தகட்டையும் நினைத்துக்கொள்வது நல்லது. 1972இல் ஒளிரத் தொடங்கிய விழிஞ்ஞம் கலங்கரை விளக்கம் 36 மீட்டர் உயரக் கோபுரம். சிவப்பும் வெள்ளையும் மாறி மாறி வரும் பட்டைகள். 1:72 அளவில் செய்தால் சரியாக அரை மீட்டர். அதன் அடிப்பலகையின் முன்விளிம்பில் பத்து சென்டிமீட்டர் நீளம், மூன்று சென்டிமீட்டர் உயரம் உள்ள தகடு அழகாக அமரும்.

எழுத்து எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்? கண் மருத்துவர் சுவரில் மாட்டும் பலகையே இதற்கு விடை. ஆறு மீட்டர் தொலைவிலிருந்து படிக்க வேண்டிய 6/6 வரிசையின் எழுத்துயரம் ஏறத்தாழ 8.7 மில்லிமீட்டர். கண்ணில் அது பிடிக்கும் கோணம் ஒரு பாகையின் பன்னிரண்டில் ஒரு பங்கு. அதே கோணம் ஒரு மீட்டர் தொலைவில் 1.45 மில்லிமீட்டர். இது நல்ல பார்வையின் எல்லை. சிரமமில்லாமல் படிக்க இதைப் போல் மூன்று மடங்காவது வேண்டும். ஆங்கில எழுத்துக்கு இந்தக் கணக்கு போதும். தமிழுக்குப் போதாது. ‘விழிஞ்ஞம்’ என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். ழகரத்தின் அடிச் சுழிவு, அதன் தலையில் இகரத்தின் மேல்விலங்கு, அடுத்தடுத்து இரண்டு ஞகரங்களின் சுருள்கள், ஞ்-க்கும் ம்-க்கும் மேலே புள்ளிகள். ஒரு எழுத்தின் உயரத்துக்குள் நான்கைந்து கோடுகளும் அவற்றுக்கிடையே வெற்றிடங்களும் அடுக்கப்பட்டுள்ளன. அந்த வெற்றிடங்கள்தான் கண்ணுக்கு எழுத்தைப் பிரித்துக் காட்டுகின்றன. ஒரு மீட்டர் தொலைவில் நின்று படிக்கும் தகட்டில் தலைப்பு வரி ஏழு மில்லிமீட்டருக்குக் குறையாமல் இருக்கட்டும். விகிதமும் ஆண்டும் ஐந்து மில்லிமீட்டர் இருந்தால் போதும், இலக்கங்களுக்குச் சுருள் குறைவு.

இனி உலோகம். இந்தக் கடற்கரையில் செம்பில் எழுதுவது பழைய வழக்கம். ஆய் மன்னர்களின் கோட்டையாக விழிஞ்ஞம் இருந்த காலத்தில், பாண்டியன் நெடுஞ்சடையன் அந்தக் கோட்டையை அழித்த செய்தியை 8ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த சீவரமங்கலச் செப்பேடு சொல்கிறது. ஆய் மன்னன் கருநந்தடக்கனின் பார்த்திவசேகரபுரச் செப்பேடு 9ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாகியும் அவற்றைப் படிக்க முடிகிறது என்றால், எழுத்துகள் மையால் எழுதப்படாமல் உலோகத்திலேயே வெட்டப்பட்டதுதான் காரணம். மேற்பரப்பு நிறம் மாறினாலும் பள்ளம் பள்ளமாகவே இருக்கும். உளியும் சுத்தியலும் செய்ததை நாம் இப்போது ஒரு கரைசலிடம் ஒப்படைக்கப் போகிறோம்.

பித்தளைத் தகடு அரை மில்லிமீட்டர் கனம் போதும். திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெரு மாதிரியான இடங்களில் பாத்திர வேலை செய்பவர்களிடம் வெட்டுத் துண்டு கேட்டுப் பார்க்கலாம். நுண்ணிய உப்புத்தாளால் ஒரே திசையில் தேய்த்துவிட்டு, புளி போட்டுத் துலக்குங்கள். புளியிலுள்ள டார்டாரிக் அமிலம் கறுத்துப்போன ஆக்சைடைக் கரைத்து எடுத்துவிடும். பாட்டிமார் குத்துவிளக்கைத் துலக்குவதும் இதே வேதியியலால்தான். பிறகு பாத்திரம் கழுவும் சோப்பால் கழுவி, தண்ணீரை ஊற்றிச் சாய்த்துப் பிடியுங்கள். தண்ணீர் ஒரே படலமாக நின்றால் எண்ணெய்ப் பசை போய்விட்டது என்று பொருள். திட்டுத் திட்டாக ஒதுங்கினால் இன்னும் இருக்கிறது. திரும்பக் கழுவ வேண்டும். அதன்பின் விரல் படக்கூடாது.

எழுத்தைக் கணினியில் அமைத்து, கண்ணாடிப் பிம்பம்போல் இடம்வலம் மாற்றி, லேசர் பிரிண்டரில் வழவழப்பான தாளில் அச்சிடுங்கள். இங்க்ஜெட் உதவாது. லேசர் பிரிண்டரின் டோனர் என்பது மிக நுண்ணிய பிளாஸ்டிக் பொடி. அந்தப் பொடி சூட்டில் உருகி ஒட்டும் குணம்தான் இங்கே நமக்கு வேலை செய்கிறது. தாளைத் தகட்டின்மேல் முகம் குப்புற வைத்து, நீராவி இல்லாத இஸ்திரிப்பெட்டியைப் பருத்தித் துணிக்கான சூட்டில் வைத்து, சில நிமிடம் அழுத்தித் தேய்த்தால் டோனர் தாளைவிட்டு உலோகத்தில் ஒட்டிக்கொள்ளும். ஆறவிட்டு வெந்நீரில் ஊறப்போட்டால் தாள் குழைந்து வந்துவிடும். கறுப்புப் படலம் மட்டும் பித்தளையில் நிற்கும். எங்காவது விட்டுப்போயிருந்தால் நகப்பூச்சைத் தொட்டு நிரப்பலாம். தகட்டின் பின்புறத்தையும் ஓரங்களையும் நாடாவால் மூடிவிடுங்கள்.

அடுத்தது பெர்ரிக் குளோரைடு. மின்சுற்றுப் பலகை செய்பவர்கள் பயன்படுத்தும் பொருள். எலெக்ட்ரானிக்ஸ் உதிரி விற்கும் கடைகளில் கிடைக்கும். பொடியாக இருந்தால் அதைத்தான் தண்ணீரில் சிறிது சிறிதாகச் சேர்க்க வேண்டும். நல்ல சூடு கிளம்பும். பிளாஸ்டிக் தட்டு, கையுறை, பாதுகாப்புக் கண்ணாடி, திறந்த ஜன்னல் ஆகியவை கட்டாயம். கரைசலிலுள்ள இரும்பு அயனிகள் செம்பிலிருந்தும் துத்தநாகத்திலிருந்தும் எலெக்ட்ரானைப் பிடுங்கிக்கொள்கின்றன. எலெக்ட்ரானை இழந்த உலோகம் அயனியாகிக் கரைசலுக்குள் போய்விடுகிறது. டோனர் மூடிய இடத்தை அந்த அயனிகள் தொட முடியாது. தகட்டை முகம் கீழாகக் கரைசலுக்குள் தொங்கவிட்டால், கரைந்த கசடு தானாகக் கீழே விழுந்து புதிய கரைசலுக்கு வழிவிடும். வெதுவெதுப்பாக வைத்தால் வேகம் கூடும். 0.15 மில்லிமீட்டர் ஆழம் கிடைக்க ஏறத்தாழ ஒரு மணி நேரம் பிடிக்கலாம். கரைசல் பழசானால் இன்னும் அதிகம்.

தமிழில் தகடு செய்பவர் கவனிக்க வேண்டிய இடம் இதுதான். கரைசல் கீழ்நோக்கி மட்டும் அரிப்பதில்லை, டோனரின் விளிம்புக்கு அடியில் பக்கவாட்டிலும் நுழைகிறது. 0.15 மில்லிமீட்டர் ஆழம் போனால் ஒவ்வொரு பக்கமும் கிட்டத்தட்ட அதே அளவு தின்னும் என்று வைத்துக்கொள்ளலாம். எழுத்தை டோனரால் மூடிப் பின்னணியைக் கரைத்தால் புடைப்பெழுத்து கிடைக்கும்; அரை மில்லிமீட்டர் கோடு 0.2 மில்லிமீட்டராக மெலிந்துவிடும். மெய்யெழுத்தின் புள்ளிதான் முதலில் பறிபோகும். அது எல்லாப் பக்கமும் தாக்கப்படும் ஒரு தனித்தீவு, சுற்றிலும் அடி அரிக்கப்பட்டு டோனரோடு உதிர்ந்துவிடும். ‘விழிஞ்ஞம்’ ‘விழிஞஞம’ என்று வந்து நிற்கும். மாறாகப் பின்னணியை மூடி எழுத்தைக் கரைத்தால் கோடு 0.8 மில்லிமீட்டராகத் தடிக்கும், புள்ளி இன்னும் தெளிவாகும். இங்கே ஆபத்து ஞகரச் சுருளுக்குள் இருக்கும் வெற்றிடத்துக்குத்தான். அது சுருங்கி அடைபடாமலிருக்க, கணினியிலேயே கோட்டைச் சற்று மெலிதாக்கி, சுழிகள் விரிந்த எழுத்துருவைத் தேர்ந்தெடுத்தால் போதும். தமிழுக்குப் பள்ள எழுத்தே பொருத்தம் என்பது என் முடிவு. பள்ளத்தில் கறுப்பு எனாமலை நிரப்பி, மேலே வழிந்ததைத் துடைத்தால் பித்தளை மஞ்சளில் கறுப்பெழுத்து பளிச்சென்று தெரியும்.

எனாமல் பூசும் முன் ஒரு வேலை இருக்கிறது. அவசரத்தில் இதைத்தான் பலரும் தாண்டிவிடுகிறார்கள். பள்ளத்தின் மூலைகளில் குளோரைடு தங்கியிருக்கும். வெறும் தண்ணீரில் அலசினால் முழுவதும் போகாது. சலவைச் சோடா கரைத்த நீரில் சிறிது நேரம் ஊறவைத்து, பல்துலக்கும் தூரிகையால் தேய்த்து, பலமுறை நல்ல தண்ணீரில் கழுவி, வெயிலில் உலர்த்த வேண்டும். செம்புக் கலவைக்குக் குளோரைடு மிகக் கொடியது. ஈரக் காற்று பட்டதும் அது செம்போடு சேர்ந்து பச்சைப் பொடியாகப் பூக்கும். அந்த வினையிலிருந்தே அமிலம் பிறந்து இன்னும் கொஞ்சம் செம்பைத் தின்னும். அருங்காட்சியகங்களில் பழங்காலச் சிலைகளை வாட்டுகிற வெண்கல நோய் என்பதும் இதே வினைதான்.

விழிஞ்ஞத்தில் இதற்குக் கடலும் துணைபோகிறது. பாறையிலும் அலைத்தடுப்பிலும் மோதி உடையும் அலைகள் நுண்ணிய உப்புத்துளிகளைக் காற்றில் ஏற்றிவிடுகின்றன. சாப்பாட்டு உப்பு காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டியதும் நீரை உறிஞ்சித் தானே கரையத் தொடங்கும். கடலுப்பில் மெக்னீசியம் குளோரைடும் கலந்திருக்கிறது. அது 33 விழுக்காடு ஈரப்பதத்திலேயே நீரை இழுக்கும். இந்த ஊரில் அவ்வளவு வறண்ட நாள் வருவது அபூர்வம். அதாவது, தகட்டின்மேல் படிந்த உப்புப் படலம் கண்ணுக்குத் தெரியாத ஈரத்தோடு ஏறக்குறைய ஆண்டு முழுவதும் இருக்கும். பித்தளையில் உள்ள துத்தநாகம் முதலில் வெளியேறி, மேற்பரப்பில் இளஞ்சிவப்புத் திட்டுகள் தோன்றும். துத்தநாகம் 15 விழுக்காட்டுக்குக் குறைவான கலவையில் இந்தத் தொல்லை பெரிதும் இல்லை. கடையில் கிடைக்கும் சாதாரணப் பித்தளையில் அது 30க்கும் மேல்.

எனவே உலர்ந்த தகட்டுக்கு நிறமற்ற அக்ரிலிக் தெளிப்பை மெல்லிய படலமாக இரண்டு மூன்று முறை அடியுங்கள். மழை நாளில் அடிக்காதீர்கள், படலத்துக்குள் ஈரம் சிக்கி வெண்மை பூக்கும். விளிம்புகளை விட்டுவிடாதீர்கள், அரிப்பு அங்கிருந்துதான் உள்ளே நுழையும். தகட்டைப் பலகையில் பொருத்த இரும்புத் திருகாணியும் வேண்டாம். உப்பீரத்தில் இரும்பும் பித்தளையும் தொட்டுக்கொண்டிருந்தால் ஒரு மின்கலமே உருவாகும், அதில் அழிவது இரும்பு. பெரிய பித்தளைப் பரப்புக்குச் சின்னத் திருகாணி ஈடுகொடுக்க வேண்டியிருப்பதால் வேகமாகத் துருப்பிடித்து, பழுப்புக் கறை தகட்டின்மேல் வழியும். பித்தளைத் திருகாணி போடலாம், இல்லையென்றால் இருபக்கப் பசை நாடா போதும். உடனடிப் பசையை மாதிரிக்கு அருகே பயன்படுத்த வேண்டாம். அதன் ஆவி கண்ணாடிப் பெட்டியின் உட்புறத்திலும் வண்ணப் பூச்சிலும் வெள்ளையாகப் படியும்.

அலுமினியத்தில் செய்ய ஆசைப்படுபவர்கள் பெர்ரிக் குளோரைடைத் தொடவே கூடாது. வினை கட்டுமீறிச் சூடாகும், ஹைட்ரஜன் கிளம்பும். மயில்துத்தமும் உப்பும் கரைத்த நீர் அலுமினியத்துக்கு மென்மையான வழி. உப்பிலுள்ள குளோரைடு அலுமினியத்தின் பாதுகாப்புப் படலத்தை உடைக்கும், செம்பு அயனி அலுமினியத்தைக் கரைத்துவிட்டுத் தான் செம்பாகப் படியும். துருப்பிடிக்காத எஃகை உப்புநீரில் மின்சாரம் பாய்ச்சிப் பொறிப்பதை மட்டும் வீட்டில் செய்யாதீர்கள். நச்சுள்ள ஆறிணைதிறன் குரோமியம் உண்டாகும். வேதிப்பொருளே வேண்டாம் என்பவர்களுக்கு, அக்ரிலிக் தகட்டின் பின்புறம் லேசர் அச்சுத்தாளை ஒட்டும் வழி இருக்கிறது. உப்புக்கு அசராது, நிறமும் நீண்டநாள் நிற்கும்.

கடைசியாக, பயன்படுத்திய கரைசல். பத்துக்கு மூன்று சென்டிமீட்டர் தகட்டில் எழுத்துகளின் பரப்பு மூன்று சதுர சென்டிமீட்டர் என்றால், 0.15 மில்லிமீட்டர் ஆழத்துக்குக் கரைந்த பித்தளை ஏறத்தாழ 0.4 கிராம், அதில் செம்பு கால் கிராம். புடைப்பெழுத்துக்காகப் பின்னணியைக் கரைத்தால் செம்பு மட்டும் இரண்டு கிராமுக்கு மேல். கேட்கச் சிறிதாகத் தோன்றும். ஆனால் லிட்டருக்குச் சுமார் பத்து மைக்ரோகிராம் செம்பிலேயே கடல் மட்டிகளின் இளங்கருக்கள் சரியாக வளராமல் போகின்றன. கப்பலின் அடிப்பாகத்தில் மட்டியும் பாசியும் ஒட்டாதிருக்கச் செம்புச் சாயம் அடிப்பதும் இந்த நச்சுத்தன்மையை நம்பித்தான். கால் கிராம் செம்பு 25,000 லிட்டர் கடல்நீரை அந்த அளவுக்குக் கெடுக்கும். விழிஞ்ஞத்தின் பாறைகளில் வளரும் பழுப்பு மட்டியை, ஊர்க்காரர்கள் சிப்பி என்று சொல்வதை, மூழ்கி எடுத்துப் பிழைக்கும் குடும்பங்கள் இங்கே இருக்கின்றன. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் விழிஞ்ஞம் மையம் மட்டி வளர்ப்பைப் பற்றி நெடுங்காலம் ஆராய்ந்திருக்கிறது. எனவே கரைசலைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள். மூடிய பிளாஸ்டிக் புட்டியில் வைத்து, அரிக்கும் வேகம் தீரும்வரை அடுத்தடுத்த தகடுகளுக்குப் பயன்படுத்துங்கள். தீர்ந்தபின் வாய் அகன்ற வாளியில் ஊற்றி, சலவைச் சோடாவைச் சிட்டிகை சிட்டிகையாகச் சேருங்கள். நுரைத்து எழும், பொறுமை வேண்டும். நுரை அடங்கும்போது செம்பும் இரும்பும் சேறாக அடியில் தங்கிவிடும். அந்தச் சேற்றை வடிகட்டி உலர்த்தி, பெயரெழுதிய டப்பாவில் மூடி, மின்சுற்றுப் பலகை செய்யும் கல்லூரி ஆய்வகம் எதிலாவது அவர்களுடைய அபாயக் கழிவோடு சேர்த்து அனுப்பக் கேட்டுக்கொள்ளுங்கள்.